கை தானாக மாற்றிக்கொண்ட பழக்கங்கள்

சென்ற மார்கழியில் ஒரு விடியற்காலை, வாசல் தெளித்து முடித்து, பதினைந்து புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் ஒன்றைத் தொடங்கியிருந்தேன். முப்பது ஆண்டுகளாகப் போட்டுப் பழகிய கோலம் அது. மனம் வேறெங்கோ இருந்தாலும் விரல் தானாக வளைந்து போகும். அன்றைக்கு இழை நடுநடுவே அறுந்தது. சில இடங்களில் மாவு திட்டாக விழுந்தது. பொடியில் பனி ஈரம் ஏறிவிட்டது என்று நினைத்து, உள்ளே போய் வேறு பொடி எடுத்துவந்தேன். அதுவும் அப்படியேதான் விழுந்தது. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் எவ்வளவு மாவு இருக்கிறது என்பதையே என் கை உணரவில்லை என்பது, பாதிக் கோலம் கடந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

நான் மதுரையில் மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியை. மருத்துவம் படித்தவள் அல்லள். என் வலக்கையும் அதற்கு முன் என் அம்மாவின் இடக்கையும் பட்ட பாட்டில், மருத்துவர்களிடமும் கைக்கான பயிற்சி தரும் தெரபிஸ்ட்டிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றை மட்டுமே இங்கே எழுதுகிறேன். இவற்றில் பாதியாவது ஓராண்டு முன்னதாக எனக்குத் தெரிந்திருந்தால் எங்கள் வீட்டில் இரண்டு கைகள் இவ்வளவு துன்பப்பட்டிருக்க மாட்டா என்ற வருத்தமே இதை எழுதத் தூண்டியது.

கோலம் கலைந்த அன்று மாலை உட்கார்ந்து யோசித்தபோது, அந்த நாளுக்கு ஏழெட்டு மாதங்களுக்கு முன்பிருந்தே என் அன்றாடத்தில் சின்னச் சின்ன மாற்றங்கள் நுழைந்திருந்தது தெரிந்தது. விடைத்தாள் திருத்த மெல்லிய சிவப்புப் பேனாவை விட்டுவிட்டுத் தடித்த பேனாவுக்கு மாறியிருந்தேன். மை நன்றாக வருகிறது என்று அதற்கு ஒரு காரணமும் சொல்லிக்கொண்டிருந்தேன். தேங்காய் துருவும் வேலை எப்போதோ என் கணவரிடம் போய்விட்டிருந்தது. புடவை மடிப்புக்கு ஊக்குக் குத்துவது பொறுமையைச் சோதித்ததால், மகளைக் கூப்பிட்டுக் குத்தச் சொல்வது வழக்கமாகியிருந்தது. நோட்டுக் கட்டுகளை இடக்கையில் தூக்கினேன். ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போகும் இருபது நிமிடத்தில் வலக்கையை ஓரிரு முறை கீழே தொங்கவிட்டு உதறிக்கொள்வதற்காக, வண்டியை ஓரம் கட்டவும் தொடங்கியிருந்தேன். இத்தனையும் செய்துகொண்டிருந்த நான், யாராவது கேட்டிருந்தால், என் கைக்கு ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருப்பேன். ஏனென்றால் வலி என்று பெரிதாக எதுவும் இல்லை.

கை விஷயத்தில் வலிக்காகக் காத்திருப்பது தவறு என்பதுதான் நான் முதலில் கற்றுக்கொண்டது. பல நேரங்களில் வலிக்கு முன்னதாகவே கை தன் வேலையை மாற்றிக்கொள்கிறது. ஒரு விரலால் முடியாததை இன்னொரு விரலால் செய்கிறது. ஒரு கையால் முடியாததை மறு கைக்குத் தள்ளுகிறது. அதுவும் முடியாதபோது பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுகிறது. இந்த மாற்றங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் அற்பமானவை. நாம் அவற்றுக்கு வயது, சோர்வு, வாய்வு, குளிர் என்று பெயர் வைத்துவிடுகிறோம். என்னிடம் கேட்டால், முதல் அறிகுறி எது என்பதற்கு என் விடை இதுதான்: நீங்கள் ஆறு மாதத்துக்கு முன் ஒரு கையால் செய்த எந்த வேலையை இப்போது வேறு விதமாகச் செய்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

எனக்கு வந்திருந்தது கார்பல் டனல் என்று சொல்லப்படும் நரம்பு அழுத்தம். மணிக்கட்டின் உள்பக்கம், சிறு எலும்புகளால் ஆன ஒரு வளைவும் அதன்மேல் இழுத்துக் கட்டியதுபோன்ற ஒரு தடித்த நாரும் சேர்ந்து குறுகலான ஒரு வழியை அமைக்கின்றன. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் (தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற நார்கள்) நடு நரம்பும் அந்த ஒரே வழியாகத்தான் உள்ளங்கைக்கு வரவேண்டும். தசைநாண்களைச் சுற்றியுள்ள உறை சற்று வீங்கினாலும், விட்டுக்கொடுக்க இடமில்லாமல் நசுங்குவது நரம்புதான். கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகியவற்றின் உணர்ச்சி அந்த நரம்பைச் சார்ந்தது. எனவே மரத்துப்போவது இந்த விரல்கள்தாம், சுண்டுவிரல் தப்பிவிடும். கை முழுவதும் மரத்துப்போகிறது என்று நான் பொதுவாகச் சொன்னபோது, தெரபிஸ்ட் நிறுத்தி, "சுண்டுவிரலுமா, அம்மா? இன்னிக்கு ராத்திரி முழிப்பு வரும்போது ஒவ்வொரு விரலா தொட்டுப் பாருங்க" என்றார். அன்றிரவு தொட்டுப் பார்த்தேன். சுண்டுவிரல் தெளிவாக இருந்தது. ஓராண்டாக ஒவ்வோர் இரவும் என்னை எழுப்பிய மரப்பை நான் ஒருமுறைகூட இப்படிக் கவனித்ததில்லை.

இரவு இரண்டு மணி, மூன்று மணிக்குக் கை மரத்து விழிப்பு வருவதும், எழுந்து உட்கார்ந்து கையை உதறினால் சற்று நேரத்தில் சரியாவதும் இந்தப் பாதிப்பின் மிகப் பழகிய அடையாளம். உறக்கத்தில் நாம் அறியாமல் மணிக்கட்டை மடக்கிக்கொள்கிறோம். மடங்கும்போது அந்தக் குறுகிய வழி மேலும் குறுகுகிறது. படுத்த வாக்கில் கை மேல் படுத்துவிட்டேன் என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்வதால்தான் இது நெடுநாள் மறைந்து நிற்கிறது. இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, விரல்கள் தரையைப் பார்க்கும்படி மணிக்கட்டுகளை மடக்கி, ஒரு நிமிடம் வைத்துப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. எனக்கு அரை நிமிடத்துக்குள் ஊசி குத்துவதுபோல் தொடங்கிவிட்டது. இது ஒரு துப்பு மட்டுமே. உறுதி செய்ய நரம்பில் மின் துடிப்பு எவ்வளவு வேகமாகக் கடக்கிறது என்று அளக்கும் சோதனையை மருத்துவர் எழுதிக்கொடுத்தார். கூடவே சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் இரத்தம் எடுக்கச் சொன்னார். இந்த இரண்டும் பின்னணியில் இருந்து நரம்பை எளிதில் நசுங்கவிடுமாம். கருவுற்ற பெண்களுக்கும் உடலில் நீர் தங்குவதால் இது வரக்கூடும். பெரும்பாலும் பேறுகாலத்துக்குப் பிறகு தணிந்துவிடும்.

நான் அஞ்சிக்கொண்டே கேட்ட கேள்வி, அறுவை செய்ய வேண்டுமா என்பதுதான். என் நிலையில் உடனே வேண்டாம் என்றார்கள். இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் ஸ்பிளிண்ட் என்னும் தாங்குபட்டை, நரம்பும் தசைநாண்களும் அந்த வழியில் தடையில்லாமல் நகர்வதற்கான சில பயிற்சிகள், பேனா பிடிக்கும் விதத்திலும் நாற்காலி மேசை உயரத்திலும் மாற்றம் என்று தொடங்கினோம். ஆறு வாரத்தில் இரவு விழிப்பு ஏறக்குறைய நின்றது. நான் இன்னும் ஓராண்டு பொறுத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். கட்டைவிரலின் அடியில் மேடாக இருக்கும் சதை வற்றத் தொடங்கிவிட்டால், அறுவை செய்தாலும் அது முழுவதும் திரும்பி வருமென்று உறுதி சொல்ல முடியாது. இரு உள்ளங்கைகளையும் அருகருகே வைத்து அந்த மேடுகளை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஒரு நொடி போதும். ஒன்று தட்டையாகத் தெரிந்தால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

மரப்பு எந்த விரலில் என்பது இவ்வளவு முக்கியம் என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சுண்டுவிரலும் மோதிர விரலின் வெளிப்பாதியும் மரத்தால், சிக்கல் பெரும்பாலும் முழங்கையில் இருக்கிறது; கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு முழங்கையை நெடுநேரம் மடக்கியிருப்பவர்களுக்கு அது கூடும். கழுத்தை அசைக்கும்போது மரப்பு தோளிலிருந்து இறங்கினால் கழுத்தையும் பார்க்க வேண்டும்.

தெரபிஸ்ட்டின் அறையில் எனக்கு மிகவும் பிடித்தது, அவர் எங்கே வலிக்கிறது என்று தொடங்காததுதான். காலையில் எழுந்ததிலிருந்து இரவு வரை கையால் என்னென்ன செய்கிறீர்கள் என்று கேட்டு, நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். பிறகு கண்ணை மூடச் சொல்லி, வெவ்வேறு தடிமன் கொண்ட நைலான் இழைகளால் விரல் நுனிகளைத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். பிடியின் வலுவை ஒரு கருவியில் அளந்தார். சட்டைப் பொத்தான், சாவி, நாணயம் ஆகியவற்றை எடுக்கச் சொல்லி, நான் எடுக்கும் விதத்தைப் பார்த்தார். நாணயத்தை நான் விரலால் கிள்ளி எடுக்காமல் மேசை விளிம்புவரை இழுத்துவந்து எடுத்தேன். அப்படிச் செய்தேன் என்பது அவர் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

எங்கள் தெருவில் மல்லிகைப் பூத் தொடுத்து விற்கும் ஓர் அக்கா இருக்கிறார். காலையில் அவருடைய நடுவிரல் மடங்கியபடியே இருக்கும். மறு கையால் இழுத்து விட்டால் 'டக்' என்று ஒரு சொடுக்குடன் நிமிரும். சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் போட்டு உருவிக்கொண்டிருந்தார். விரலின் அடியில், உள்ளங்கையோடு சேரும் இடத்தில், தசைநாண் நழுவிப் போக ஒரு வளையம் இருக்கிறது. தசைநாண் தடித்துவிட்டால் அந்த வளையத்தில் சிக்கிச் சிக்கி வெளிவருகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது கூடுதலாக வருகிறது. அந்த அக்காவுக்கும் சர்க்கரை இருந்தது. சொடுக்குவதற்குப் பல வாரங்கள் முன்பே அந்த இடத்தை அழுத்தினால் நோவும், காலையில் மட்டும் ஒரு விறைப்பும் இருந்ததாக அவர் சொன்னார். அந்தக் கட்டத்தில் போயிருந்தால் விரலின் அடிமூட்டை மடங்கவிடாமல் தாங்கும் ஒரு சிறு ஸ்பிளிண்ட்டே போதுமாக இருந்திருக்கலாம்.

கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களுக்குக் கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில், குழந்தையைத் தூக்கும்போது சுள்ளென்று வலிக்கும். கட்டைவிரலை விரித்தும் நிமிர்த்தியும் வைக்கும் இரண்டு தசைநாண்களின் உறையில் ஏற்படும் வீக்கம் அது. 1895-இல் இதை விவரித்த சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் தெ கெர்வெயின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் என்று வீட்டார் சொல்லிவிடுவதால் அந்தப் பெண்கள் மாதக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்குகிறார்கள். எனக்கு இதில் மிகுந்த கோபம் உண்டு. அக்குளில் கைகொடுத்துக் கட்டைவிரலை விரித்துத் தூக்காமல், உள்ளங்கையைக் குழந்தையின் அடியில் கொடுத்து ஏந்தித் தூக்கக் கற்றுக்கொடுத்தாலே பாதிச் சுமை குறையும்.

இனி அம்மாவைப் பற்றி. இதை எழுதுவது எனக்கு எளிதாக இல்லை.

அம்மாவுக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. குளியலறையில் வழுக்கி, இடக்கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. நாங்கள் போன மருத்துவமனையில் எலும்பைச் சரியாகவே பொருத்தி மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். இந்த ஆறு வாரத்தில் விரல்களை என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பார்க்க வந்த உறவினர் அனைவரும், கையை ஆட்டாதே, எலும்பு கூடாது என்று சொல்லிப் போனார்கள். அம்மா சொன்ன சொல் தட்டாமல், கழுத்துத் தூளியில் கையைத் தொங்கவிட்டு, விரலை இம்மியும் அசைக்காமல் ஆறு வாரம் இருந்தார். கட்டைப் பிரித்த அன்று எலும்பு நன்றாகச் சேர்ந்திருந்தது. ஆனால் விரல்கள் மடங்கவில்லை. வாழைக்காய்போல் வீங்கி, தோல் மினுமினுத்து, நீட்டியபடி நின்றன.

ஏன் இப்படி ஆகிறது என்பதைப் பின்னால்தான் புரிந்துகொண்டேன். விரலின் அடிமூட்டு முட்டியில், இரு பக்கமும் இருக்கும் பிணைப்பு நார்கள், விரல் நேராக இருக்கும்போது தளர்ந்தும், மடங்கும்போது இறுகியும் இருக்கும்படி அமைந்தவை. வீங்கிய கையில் விரல்கள் நீட்டிய நிலையில் வாரக்கணக்கில் கிடந்தால், தளர்ந்திருந்த நார்கள் அந்த நீளத்துக்கே சுருங்கிவிடுகின்றன. பிறகு மடக்க முயன்றால் இடம் கொடுப்பதில்லை. வீக்கத்தில் தேங்கும் நீர் நாள்பட நாள்படப் பசைபோல் இறுகி, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்லவேண்டிய அடுக்குகளை ஒட்டவைத்துவிடுகிறது. முறிந்தது மணிக்கட்டுத்தான், விரல்களுக்கு அடிபடவே இல்லை. அடிபடாத விரல்கள் அசையாமையால் கெட்டன.

அந்த ஆறு வாரத்தில் அறிகுறிகள் எங்கள் கண் முன்னால்தான் இருந்தன. இரண்டாம் வாரத்துக்குப் பிறகும் விரல் வீக்கம் வடியவில்லை. விரல் நுனி உள்ளங்கையைத் தொட இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று நாங்கள் பார்க்கவில்லை. மாவுக்கட்டின் விளிம்பு உள்ளங்கையின் மேல்ரேகையைத் தாண்டி நீண்டிருந்ததால், அம்மா விரும்பியிருந்தாலும் விரல்களை அடிமூட்டில் மடக்கியிருக்க முடியாது. அதையும் நாங்கள் கவனிக்கவில்லை. தலைவாரக் கையை உயர்த்தும்போது தோளும் பிடித்துக்கொண்டிருந்தது. இன்று யாருக்காவது மாவுக்கட்டுப் போட்டால் நான் முதலில் கேட்பது, எந்தெந்த மூட்டுகளை அசைக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டீர்களா என்பதைத்தான். கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைப்பதும், மருத்துவர் அனுமதித்த விரல்களை நாள் முழுவதும் பலமுறை முழுதாக மடக்கி நீட்டுவதும், தோளையும் முழங்கையையும் அசைப்பதும் எலும்பு கூடுவதைக் கெடுக்காது. மோதிரத்தையும் வளையலையும் முதல் நாளே கழற்றிவிட வேண்டும். கட்டுக்குள் தாங்க முடியாத வலியோ, விரல் நுனி நீலமாகவோ வெளுப்பாகவோ மாறுவதோ தெரிந்தால், அது அன்றைக்கே, அந்த நேரத்திலேயே மருத்துவமனைக்குப் போகவேண்டிய அவசரம்.

அம்மாவுக்கு இன்னொரு சிக்கலும் சேர்ந்திருந்தது. கட்டைப் பிரித்த பிறகு, மின்விசிறிக் காற்றுப் பட்டாலும் கை எரிகிறது என்றார். கை ஒரு நேரம் சிவந்தும் ஒரு நேரம் கருநீலமாகவும் தெரிந்தது. அந்தக் கை மட்டும் வியர்த்தது. அம்மா மிகைப்படுத்துகிறார் என்று நான் நினைத்தேன். அதற்காக இன்றுவரை வருந்துகிறேன். அடிபட்ட அளவுக்குப் பொருந்தாத வலி, நிறமாற்றம், வியர்வை, தொட்டாலே தாங்காத எரிச்சல் ஆகியவை சேர்ந்து வந்தால், அது நரம்பு மண்டலம் தவறாக எதிர்வினை காட்டும் ஒரு தனி நோய்நிலை. முதல் சில வாரங்களில் பிடித்துவிட்டால் பயிற்சியாலும் மருந்தாலும் தேற வாய்ப்பு அதிகம். ஐந்து மாதம் வாரம் மூன்று நாள் தெரபிக்குப் போய்வந்தோம். வெதுவெதுப்பான நீரில் கையை வைத்து, பஞ்சிலிருந்து தொடங்கித் துண்டு, அரிசி, பயறு என்று ஒவ்வொன்றாகத் தொடப் பழக்கி, மெல்ல மெல்ல விரல்களை மீட்டார்கள். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் திரும்பின. மோதிர விரலும் சுண்டுவிரலும் இன்னும் உள்ளங்கையைத் தொடுவதில்லை.

பயிற்சிக்காகக் காத்திருக்கக் கூடாத சிலவற்றையும் சொல்லியாக வேண்டும். திடீரென ஒரு பக்கக் கை வலுவிழப்பது, அதனுடன் பேச்சுக் குழறுவது அல்லது வாய் கோணுவது பக்கவாதம். ஒரு நிமிடமும் வீணாக்கக் கூடாது. கண்ணாடியோ கத்தியோ பட்டு விரலில் சிறு வெட்டு விழுந்து, பிறகு விரல் நுனியை மடக்கவோ நிமிர்த்தவோ முடியவில்லை என்றால், வெளியே தையல் போட்டதால் மட்டும் வேலை முடிந்துவிடாது. உள்ளே தசைநாண் அறுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காலையில் இரு கைகளின் விரல் மூட்டுகளும் வீங்கி, விறைப்பு அரைமணி, ஒரு மணி என்று நீடித்தால் மூட்டுவாத மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அடுப்பில் சுட்டது தெரியாமல் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம் என்றால், அதை ஒருநாளும் அலட்சியப்படுத்தக் கூடாது. சர்க்கரை உள்பட அதற்குப் பல காரணங்கள் உண்டு. உணர்ச்சியற்ற வெளிறிய தேமலோடு அது வந்தால் தொழுநோயாகவும் இருக்கலாம். அதற்கான கூட்டு மருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. கை மறுவாழ்வின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கு ஒரு தனி இடம் அமைந்ததே இந்த நோயால்தான். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயில் மடங்கிப்போன விரல்களைப் பார்த்து, சதை கெட்டு விரல் அழிவதாக நிலவிய எண்ணத்தை ஏற்கவில்லை. வலி தெரியாததால் கை தன்னைக் காயப்படுத்திக்கொள்கிறது என்று காட்டினார். முன்கையில் நல்ல நிலையில் இருந்த தசைகளின் நாண்களை இடம்மாற்றிப் பொருத்தி விரல்களை நிமிர வைத்தார். அப்படி மாற்றிய நாணுக்குப் புது வேலையைக் கற்றுக்கொடுப்பது அறுவைக்குப் பிந்திய பயிற்சியின் பொறுப்பு. பின்னர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் கைக்கெனத் தனிப் பிரிவை உருவாக்கியவர் மருத்துவர் ஆர். வெங்கடசாமி. இப்படிப்பட்ட மரபு உள்ள மாநிலத்தில், மாவுக்கட்டோடு வீட்டுக்கு அனுப்பும்போது விரலை அசைக்கச் சொல்ல ஓர் ஆள் இல்லாமல் போவது எனக்கு ஆறவே இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிசியோதெரபிப் பிரிவு இருக்கிறது. எலும்பு மருத்துவரிடம் நாமே கேட்டு அங்கே எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

இந்த ஆண்டு பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமுக்குத் தடித்த பிடி சுற்றிய பேனாவோடு போயிருந்தேன். அரைமணிக்கு ஒருமுறை பேனாவைக் கீழே வைத்து, மணிக்கட்டை நேராக்கி, விரல்களை விரித்து மூடினேன். எனக்கு எதிர் மேசையில் இருந்த ஆசிரியை, மூன்றாம் நாள், ஒவ்வொரு கட்டு முடிந்ததும் வலக்கையைக் கீழே தொங்கவிட்டு உதறுவதைப் பார்த்தேன். மதிய உணவின்போது அருகில் போய், இரவில் கை மரத்து எழுகிறீர்களா என்று கேட்டேன். அவர் வியப்போடு ஆம் என்றார். சுண்டுவிரலுமா என்று கேட்டேன். கையைப் புரட்டிப் பார்த்து, சற்று யோசித்து, இன்று இரவு பார்த்துச் சொல்கிறேன் டீச்சர் என்றார். மறுநாள் காலை வருகைப் பதிவில் கையெழுத்திடும் முன்பே என்னைத் தேடி வந்தார். சனிக்கிழமைக்கு என் தெரபிஸ்ட்டிடம் அவருக்கு நேரம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.